ரேஸ் நிர்வாகத்தை மாத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு: எங்க ஆரம்பிக்கணும், எதைக் கேக்கணும், எதுல ஏமாந்துடக் கூடாது

கடைசி வளைவு தாண்டி நேர்பாதைக்கு வர்ற இடத்துல ஒரு குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்துச்சு. ஜாக்கி உருண்டு எழுந்துட்டார். ரெண்டு நிமிஷத்துல நாலு பேர் ஓடி வந்து சுத்தி பச்சைத் திரையைப் பிடிச்சாங்க, ஒரு வண்டி வந்துச்சு, அப்புறம் திரையை மடக்கிட்டுப் போயிட்டாங்க, புல்லுல ஒரு இடம் மட்டும் பெயர்ந்து கிடந்துச்சு, அரை மணி நேரத்துல அடுத்த ரேஸ் கிளம்பிடுச்சு. நான் அன்னைக்கு வேலி ஓரமா நின்னுட்டு இருந்தேன். மறுநாள் ரிசல்ட் ஷீட்ல அந்தக் குதிரை பேருக்கு எதிர்ல "முடிக்கவில்லை"னு ஒரு வார்த்தை, அவ்ளோதான். முந்தின வாரம் அதுக்கு என்ன மருந்து போச்சு, ஓடலாம்னு யார் கையெழுத்து போட்டாங்க, பிரேதப் பரிசோதனை நடந்துச்சா, எதுவும் இல்ல. லெட்டர் போட்டுக் கேட்டேன். "உள் விசாரணை முடிந்தது"ன்னு ஒத்தை வரி பதில் வந்துச்சு. யாரு விசாரிச்சாங்கன்னு தேடிப் பாத்தா, அந்த ரேஸ் நாளை நடத்தி வருமானம் பாக்குற அதே கமிட்டி.

அன்னைலேருந்து எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. மருந்து, சாட்டை, ட்ராக், மேட்ச் ஃபிக்ஸிங் மாதிரி ரேஸ் முடிவை முன்னாடியே பேசி வெக்கிறதுன்னு நாம தனித்தனியா கோபப்படுற எல்லாமே சுத்திச் சுத்தி ஒரே இடத்துல வந்து முட்டும்: முடிவு எடுக்குறவருக்கு அந்த முடிவுல காசு இருக்கு. அதை மாத்தாம வேற எதை மாத்தினாலும் நாலு வருஷத்துல பழைய மாதிரியே ஆயிடும். அதனால இந்த கைடு முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் புடிச்சுட்டுதான் போகும். குதிரையை நேசிக்கிறவங்க, லாயத்துல வேலை பாக்குறவங்க, சின்ன ஓனர்ஸ், பந்தயம் கட்டுறவங்க, யாரா இருந்தாலும் இதை எடுத்துப் பயன்படுத்தலாம்.

முதல்ல அதிகாரம் யார்கிட்ட இருக்குன்னு ஒரு பேப்பர்ல வரைங்க

போஸ்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி, பெட்டிஷன் போடுறதுக்கு முன்னாடி, ஒரு பெரிய சார்ட் பேப்பர் எடுத்து அஞ்சு கட்டம் போடுங்க. ரூல் எழுதுறது யாரு, ரேஸ் நடத்தி சம்பாதிக்கிறது யாரு, குதிரையையும் சாம்பிளையும் டெஸ்ட் பண்றது யாரு, தப்பு நடந்தா விசாரிச்சு தண்டனை கொடுக்குறது யாரு, இவங்க எல்லாருக்கும் சம்பளம் எந்த அக்கவுண்ட்லேருந்து போகுது. ஒவ்வொரு கட்டத்துலயும் அமைப்போட பேரையும், அதுல உக்காந்திருக்கிற ஆளுங்களோட பதவியையும், அவங்கள நியமிச்சது யாருங்கிறதையும் எழுதுங்க. அப்புறம் கட்டங்களுக்கு நடுவுல கோடு போடுங்க. ஒரே ஆள் ரெண்டு கட்டத்துல இருந்தா சிவப்பு கோடு. நான் முதல் தடவை போட்டப்போ பேப்பரே சிவப்பாயிடுச்சு.

இதுக்கு என்ன பேப்பர் வேணும்? அந்த நாட்டு ரேஸிங் சட்டம், பெட்டிங் லைசென்ஸோட நிபந்தனைகள், க்ளப் இல்ல ரெகுலேட்டரோட அமைப்பு விதிகள், கடைசி மூணு நாலு வருஷ ஆண்டறிக்கை. ஆண்டறிக்கைல முன்பக்கத்து கலர் போட்டோவெல்லாம் விட்டுருங்க, பின்னாடி சின்ன எழுத்துல இருக்கிற கணக்குக் குறிப்புகளைப் படிங்க, உண்மையெல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். நான் பாத்த ஒரு அறிக்கைல பதினேழாவது குறிப்புல ஒரு வரி, ரேஸ் நாள்ல குதிரையைப் பாத்து "ஓடத் தகுதி"ன்னு சொல்ற வெட்டர்னரி டாக்டரோட ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கிறது ரேஸிங் மேனேஜர்னு இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, எட்டு குதிரை ஓட வேண்டிய ரேஸ்ல அந்த டாக்டர் மூணு குதிரையை நிறுத்தினா ஓடுற குதிரை எண்ணிக்கை குறைஞ்சிடும், பந்தயப் பணம் குறையும், அதுக்கு பதில் சொல்ல வேண்டியவர்தான் அவரோட அடுத்த வருஷ வேலையை முடிவு பண்றவர். டாக்டர் நல்லவரா கெட்டவராங்கிற கேள்வியே இங்க வரல, நல்லவரைக் கூட இந்த ஏற்பாடு அழுத்தும்.

அதே மாதிரி யாருக்கு எந்த அதிகாரம் *இல்ல*ங்கிறதையும் எழுதுங்க. இது ரொம்ப முக்கியம். கலிஃபோர்னியால சாண்டா அனிட்டா ட்ராக்ல 2018 டிசம்பர் கடைசிலேருந்து 2019 ஜூன் வரைக்கும் 30 குதிரை செத்துச்சு. ஊரே கொதிச்சுது, மாநில ரேஸிங் போர்டு ஏன் நிறுத்தலன்னு எல்லாரும் கேட்டாங்க. ஆனா சட்டப்படி 10 நாள் முன்னறிவிப்பு கொடுக்காம அந்த போர்டால உடனே ரேஸை நிறுத்த முடியாத நிலைமை. 2019 ஜூன்ல அவசரமா சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைக் கொடுத்தாங்க. 30 குதிரைக்குப் பிறகு தெரிய வந்த ஓட்டை, முன்னாடியே யாராவது சட்டத்தை வரி வரியா படிச்சிருந்தா கண்ணுல பட்டிருக்கும். உங்க வேலை அந்த "யாராவது" ஆகுறதுதான்.

தன் லாபமும் தன் பதவியும் மோதுற இடம்

இதுக்கு நான் எல்லாருக்கும் சொல்ற உதாரணம் ஜஸ்டிஃபை குதிரை. 2018 ஏப்ரல்ல சாண்டா அனிட்டா டெர்பி ஜெயிச்சப்போ எடுத்த சாம்பிள்ல ஸ்கோபாலமின்ங்கிற மருந்து இருந்துச்சு. அந்த விஷயம் வெளிய வராமலே அது கென்டக்கி டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் மூணையும் ஜெயிச்சு ட்ரிபிள் க்ரௌன் வாங்கிடுச்சு. ஆகஸ்ட்ல கலிஃபோர்னியா போர்டு மூடின கதவுக்குள்ள உக்காந்து கேஸை முடிச்சு வெச்சுட்டாங்க. ஊமத்தை இனச் செடி வைக்கோல்ல கலந்து வந்திருக்கும்னு விளக்கம். 2019 செப்டம்பர்ல நியூயார்க் டைம்ஸ் எழுதின பிறகுதான் உலகத்துக்கே தெரிஞ்சுது, கேஸை முடிச்சப்போ போர்டு தலைவரா இருந்தவருக்கு அதே ட்ரெய்னர்கிட்ட இருந்த குதிரைங்கள்ல பங்கு இருந்ததும் அந்த செய்தியிலதான் வந்துச்சு.

ஊமத்தை விளக்கம் நூத்துக்கு நூறு உண்மையாவே இருக்கலாம். அந்தச் செடி வைக்கோல்ல கலக்குறது நடக்கக்கூடிய விஷயம்தான். ஆனா கதவை மூடிட்டு எடுத்த முடிவை, பங்கு வெச்சிருக்கிறவர் தலைமைல எடுத்த முடிவை, உண்மையாவே இருந்தாலும் யாரு நம்புவா? குதிரைக்கும் நியாயம் இல்ல, ட்ரெய்னருக்கும் இல்ல, ரெண்டாவது வந்த ஓனருக்கும் இல்ல. நீங்க பிரச்சாரம் பண்ணும்போது இதை இப்படித்தான் சொல்லணும், "இவர் திருடன்"னு சொல்லாதீங்க, "இந்த ஏற்பாட்டுல நல்லவர் கூட தன்னை நிரூபிக்க முடியாது"ன்னு சொல்லுங்க. எதிர்பக்கம் உக்காந்திருக்கிறவங்களே தலையாட்டுவாங்க, நான் பாத்திருக்கேன்.

கோரிக்கையை ஒரு வரில எழுதுங்க, ரூல்புக்ல ஒட்டுற மாதிரி

"ஊழலை ஒழிப்போம்", "குதிரைகளுக்கு நீதி" இதெல்லாம் பேனர்ல நல்லா இருக்கும், ஆனா இதுக்கு ஒரு கமிட்டி "நாங்களும் அதைத்தான் விரும்புறோம்"னு சொல்லிட்டு டீ கொடுத்து அனுப்பிடும். அவங்க ஆமா இல்லன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லியே ஆகணும்ங்கிற மாதிரி கோரிக்கை இருக்கணும். உதாரணமா, "விசாரணைக் குழுல இருக்கிற யாருக்கும், அவங்க குடும்பத்துக்கும், பந்தயக் குதிரையிலயோ பெட்டிங் கம்பெனியிலயோ பங்கு இருக்கக் கூடாது; அவங்க நியமனத்தையோ சம்பளத்தையோ ரேஸ் நடத்துற அமைப்பு தீர்மானிக்கக் கூடாது." இதை அப்படியே விதியில ஒட்டலாம். ஒட்டலன்னா ஏன் ஒட்டலன்னு காரணம் சொல்லியாகணும்.

முன்னுதாரணம் கையில வெச்சுக்கோங்க, "எங்கயும் நடக்காததைக் கேக்குறீங்க"ன்னு யாரும் சொல்ல முடியாது. இங்கிலாந்துல ஜாக்கி க்ளப் 1750ல ஆரம்பிச்சது, ரொம்ப காலமா ரேஸ்கோர்ஸ் சொத்தும் அவங்ககிட்ட, தீர்ப்பும் அவங்ககிட்ட. 2002ல பிபிசி டிவியோட பனோரமா நிகழ்ச்சி ரேஸிங் ஊழலைப் பத்தி ஒளிபரப்பின பிறகு நெருக்கடி முத்தி, 2006ல ஒழுங்குமுறை வேலை தனி அமைப்புக்குப் போச்சு, 2007ல பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேஸிங் அத்தாரிட்டி வந்துச்சு. நியூசிலாந்துல 2018ல ரேஸிங் தொழிலைப் பத்தி மெஸ்ஸாராங்கிறவர் கொடுத்த அறிக்கை, 2020ல ரேஸிங் இண்டஸ்ட்ரி சட்டம், 2021 ஜூலைலேருந்து ரேஸிங் இன்டெக்ரிட்டி போர்டுன்னு தனி அமைப்பு. ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து மாநிலத்துல 2016லேருந்து ஒழுங்கு பாக்குறதுக்கு தனி கமிஷன்.

அமெரிக்காதான் இதுல படிக்க வேண்டிய பெரிய பாடம். மாநிலத்துக்கு ஒரு ரூலா, முப்பத்தெட்டு மாநிலத்துல முப்பத்தெட்டு விதமா இருந்துச்சு, ஒரு இடத்துல தடை ஆன மருந்து இன்னொரு இடத்துல அளவு மட்டும் பாத்து அனுமதி. 2020 டிசம்பர்ல வந்த சட்டத்தால ஹைசான்னு ஒரு தேசிய அமைப்பு உருவாச்சு, ஃபெடரல் ட்ரேட் கமிஷன்ங்கிற மத்திய அரசாங்கக் கமிஷன் அதை மேற்பார்வை பாக்குது. 2022 ஜூலைல ட்ராக் பாதுகாப்பு விதி, 2023 மே மாசம் மருந்துக் கட்டுப்பாடு விதி நடைமுறைக்கு வந்துச்சு. அதோட போர்டு அமைப்பைக் கவனிங்க: 9 பேர், அதுல 5 பேர் தொழிலுக்கு வெளிய இருந்து வர்ற சுயேச்சை ஆளுங்க, 4 பேர்தான் தொழில்காரங்க. அந்த ஒரு ஓட்டு வித்தியாசம்தான் விஷயமே. "சுயேச்சை உறுப்பினர்களும் இருப்பார்கள்"னு யாராவது எழுதிக் கொடுத்தா சந்தோஷப்பட்டு வாங்கிடாதீங்க, எத்தனை பேர்னு கேளுங்க, பெரும்பான்மையான்னு கேளுங்க, கோரம், அதாவது குறைஞ்சபட்சம் வந்தாகணும்ங்கிற ஆள் எண்ணிக்கை, இல்லாத கூட்டத்துல என்ன ஆகும்னு கேளுங்க.

காசைப் பத்தி பேசாத சீர்திருத்தம் வெறும் பெயர்ப்பலகை

நிறைய பிரச்சாரங்கள் இங்கதான் கோட்டை விடுது. சுயேச்சை அமைப்பு கொடுத்துட்டாங்கன்னு இனிப்பு வாங்கிக் கொண்டாடுவாங்க, அடுத்த பட்ஜெட்ல அந்த அமைப்புக்கு ரெண்டு இன்வெஸ்டிகேட்டர் சம்பளத்துக்குக் கூட காசு வராது. லேப் டெஸ்ட் காசு சாப்பிடுற வேலை, முடிவை உறுதி பண்ண எடுத்து வெச்ச ரெண்டாவது சாம்பிளை (பி சாம்பிள்) இன்னொரு லேபுக்கு அனுப்பணும், அது இன்னும் செலவு. காசை நிறுத்துறவன் கையில டெஸ்டை நிறுத்துற அதிகாரமும் சேர்ந்தே போயிடுது. அதனால கோரிக்கைலயே எழுதுங்க, பணம் எங்கேருந்து வரும், யாராலயும் வருஷ நடுவுல வெட்ட முடியாத மாதிரி எந்த சட்டத்துல இருக்கும். பிரிட்டன்ல பெட்டிங் லாபத்துலேருந்து ரேஸிங்குக்காக லெவின்னு ஒரு கட்டாயக் கட்டணம் வசூலிக்கிற முறை 1961 சட்டத்துலேருந்து இருக்கு, 2017ல அதை மாத்தி வெளிநாட்டுலேருந்து ஆன்லைன்ல நடத்துறவங்களையும் உள்ள கொண்டு வந்து மொத்த லாபத்துல 10% ஆக்கினாங்க. ஹைசாவுக்கு அரசாங்கப் பணம் கிடையாது, தொழிலே கட்டுது. எது சரின்னு நாட்டுக்கு நாடு மாறும், ஆனா பதில் இல்லாம விட்டுடாதீங்க.

கணக்கு: இதுல ஒரு எண் தப்பினாலும் எல்லாம் போச்சு

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ஆரம்பிங்க. தேதி, ரேஸ் எண், குதிரை, வயசு, தூரம், ட்ராக் நிலைமை, என்ன ஆச்சு, அந்தத் தகவல் எங்க கிடைச்சது. கடைசிக் கட்டம்தான் ரொம்ப முக்கியம், ஆதாரம் இல்லாத வரியை உள்ளயே விடாதீங்க. எங்க குழுவுல ஒரு தடவை "முடிக்கவில்லை"ன்னு இருந்த ஒரு குதிரையை இறப்புப் பட்டியல்ல சேத்துட்டாங்க, பாத்தா அந்தக் குதிரை சேணம் நழுவி ஜாக்கி இறங்கினதால நின்னது, நல்லா உயிரோட ஒரு பண்ணைல புல்லு மேஞ்சுட்டு இருந்துச்சு. க்ளப்காரங்க அந்தக் குதிரையோட போட்டோவை பத்திரிகைக்குக் கொடுத்தாங்க, சரியா இருந்த மத்த இருபத்தி மூணு வரியையும் அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் பாக்கல. எட்டு மாச உழைப்பு. அன்னைலேருந்து ஒவ்வொரு வரியையும் ரெண்டு பேர் தனித்தனியா சரிபாத்துதான் ஏத்துறோம்.

வெறும் எண்ணிக்கை சொல்லாதீங்க, விகிதம் சொல்லுங்க. 1,000 ஓட்டத்துக்கு (ஒரு குதிரை ஒரு ரேஸ்ல ஓடினா ஒரு ஓட்டம்) எத்தனை இறப்புன்னு கணக்குப் போட்டாதான் ஒப்பிட முடியும். அமெரிக்காவுல ஈக்வைன் இஞ்சுரி டேட்டாபேஸ் 2009 கணக்குல 1,000 ஓட்டத்துக்கு 2.00னு காட்டுச்சு, 2022ல 1.25. இந்தக் குறைவை நம்ம ஆளுங்க சிலர் மறைக்கப் பாப்பாங்க, மறைக்காதீங்க. எண்ணி வெளிய சொல்ல ஆரம்பிச்ச இடத்துல எண் இறங்குதுங்கிறது நம்ம வாதத்துக்குத்தான் பலம், "எங்க எண்ணைக் காட்டுங்க"ன்னு நேரா கேக்கலாம்.

பிரேதப் பரிசோதனையை கட்டாயமாக்குங்க, முடிவை வெளியிடுங்கன்னு ஒரு வரி சேருங்க. கலிஃபோர்னியால 1990லேருந்து ட்ராக்ல சாகுற குதிரைங்களைப் பரிசோதிக்கிறாங்க, அதுல திரும்பத் திரும்பத் தெரிஞ்சது, திடீர்னு உடைஞ்ச மாதிரி தெரியுற எலும்புல பெரும்பாலும் ஏற்கனவே சின்ன சேதம் இருந்திருக்கு. அதாவது "விபத்து, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது"ங்கிற பேச்சு பாதி உண்மை கூட இல்ல.

உள்ள இருக்கிறவங்க இல்லாம இது நடக்காது

லாயத்துல விடிகாலை நாலு மணிக்கு ஒரு சைஸ் கூட நின்னுட்டு இருந்தேன், குதிரையை வளர்க்கிற ஆள், அதோட தூக்கத்துல கூட பக்கத்துல இருக்கிறவர். மருந்தைப் பத்திக் கேக்கலாம்னு போனேன். அவர் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. குனிஞ்சு குதிரையோட இடது முன்னங்கால்ல முட்டிக்குக் கீழ பின்பக்கம் உள்ளங்கையை வெச்சு மெதுவா கீழ இறக்கினார், அப்புறம் என் கையைப் புடிச்சு அதே இடத்துல வெச்சார். ஒரு இடத்துல சூடா இருந்துச்சு. வலது கால்ல வெச்சுக் காட்டினார், குளிர்ச்சியா இருந்துச்சு. "மூணு நாளா இப்படி இருக்கு சார், சொன்னேன், ஐஸ் கட்டுன்னாங்க, சனிக்கிழமை ஓடுது"ன்னார். அந்த சூட்டை ரேஸ் விதிகளைப் பாக்குற அதிகாரியான ஸ்டீவர்டுகிட்ட நேரா சொல்ல அவருக்கு ஒரு வழி கிடையாது, சொன்னா அன்னைக்கே வேலை போகும், தங்குற ரூமும் லாயத்துக்கு மேலதான், அதுவும் போகும்.

அதனால ரகசியமா தகவல் சொல்ற லைன் ஒண்ணு, சொன்னவங்களைப் பழிவாங்கினா லைசென்ஸ் போகும்ங்கிற விதி ஒண்ணு, இது ரெண்டும் எந்தக் கோரிக்கைப் பட்டியல்லயும் இருக்கணும். பிரிட்டன்ல ரேஸ்வைஸ்னு இப்படி ஒரு லைன் ஓடுது. நீங்களும் இவங்ககிட்ட பேசும்போது ரொம்ப ஜாக்கிரதை. பேர் எழுதாதீங்க, போன்ல காண்டாக்ட்டா சேவ் பண்ணாதீங்க, அவங்க அனுப்புற போட்டோவை அப்படியே போடாதீங்க, பின்னாடி தெரியுற கதவு நம்பரை வெச்சே ஆளைக் கண்டுபுடிச்சுடுவாங்க. அவங்க சொன்னது ஒரு துப்புதான், அதை வெச்சு பேப்பர்ல ஆதாரம் தேடுறது உங்க வேலை, அவங்களை முன்னாடி நிறுத்துறது இல்ல.

நேர்மையான ட்ரெய்னர்ஸைத் தேடிப் போங்க. நிறைய பேர் இருக்காங்க, பக்கத்து லாயத்துக்காரன் ஊசி போட்டு ஜெயிக்கிறதைப் பாத்து வயிறு எரிஞ்சு போய் உக்காந்திருக்காங்க. ஜாக்கிங்க சங்கம், வெட்டர்னரி டாக்டர்ஸ், நாலு பேரா சேர்ந்து ஒரு குதிரை வாங்கின சின்ன ஓனர்ஸ், எல்லாரும் தோத்துட்டு இருக்கிறவங்கதான். பந்தயம் கட்டுறவங்களை நம்ம ஆளுங்க ஒதுக்கிடுறாங்க, அது தப்பு, மொத்த தொழிலும் ஓடுறது அவங்க காசுல, ஒரு குதிரைக்கு கடைசியா என்ன சிகிச்சை நடந்துச்சுன்னு தெரியாம காசு போடுறாங்க. ஹாங்காங் ஜாக்கி க்ளப் ஒவ்வொரு குதிரையோட வெட்டர்னரி ரெக்கார்டையும் எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுது, அங்க முடியும்னா மத்த இடத்துலயும் முடியும்.

ரேஸிங்கே வேண்டாம், தடை பண்ணணும்னு சொல்றவங்களும் வருவாங்க. அவங்க வேதனை எனக்குப் புரியுது, சில ராத்திரி எனக்கும் அப்படித்தான் தோணும். ஆனா ஒரே பெட்டிஷன்ல ரெண்டையும் கலக்காதீங்க. தடை கேக்குறது ஒரு பிரச்சாரம், நிர்வாகத்தை மாத்தச் சொல்றது வேற பிரச்சாரம், கலந்தீங்கன்னா உள்ள இருந்து உதவ வந்த சைஸும் ட்ரெய்னரும் பயந்து ஓடிடுவாங்க, கமிட்டிக்கும் "இவங்க நம்மளை மூடப் பாக்குறாங்க"ன்னு சொல்ல சாக்கு கிடைக்கும். முதல் கூட்டத்துலயே இதைப் பேசி முடிவு பண்ணிடுங்க.

எழுதும்போது கோர்ட்டை மனசுல வெச்சுக்கோங்க

பதவியைப் பத்தி எழுதுங்க, ஆளைப் பத்தி யூகம் எழுதாதீங்க. "பதிவேட்டில் இவ்வாறு உள்ளது", "இந்தக் கேள்விக்கு இந்தத் தேதி வரை பதில் வரவில்லை", இந்த மாதிரி வாக்கியம் உங்களைக் காப்பாத்தும். வெளியிடுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு அனுப்பி ஒரு வாரம் டைம் கொடுத்து பதில் கேளுங்க, பதில் வந்தா அதையும் முழுசா போடுங்க. பாதி நேரம் அவங்க பதில்லயே உங்களுக்கு வேண்டியது இருக்கும். சட்டம் தெரிஞ்ச ஒருத்தர் குழுவுல இருக்கணும்.

நேரம்

இதைத்தான் நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டேன். அமெரிக்க சட்டத்தோட முந்தைய வடிவத்தை ரெண்டு எம்.பி.க்கள் 2015லயே கொண்டு வந்துட்டாங்க, வருஷக்கணக்கா நகரவே இல்ல. 2019ல சாண்டா அனிட்டா, 2020 மார்ச்ல ட்ரெய்னர்ஸ், வெட்டர்னரி டாக்டர்ஸ், மருந்து விக்கிறவங்கன்னு 27 பேருக்கு எதிரா ஊக்கமருந்து வழக்கு, அதே வருஷக் கடைசில சட்டம் பாஸ். அந்த ரெண்டு அதிர்ச்சி வந்தப்போ மேசைல ஒரு டிராஃப்ட் ரெடியா இருந்துச்சு, அதான் வித்தியாசம். ஏதாவது நடந்த பிறகு உக்காந்து கோரிக்கை எழுத ஆரம்பிச்சீங்கன்னா எழுதி முடிக்கிறதுக்குள்ள டிவிக்காரங்க வேற செய்திக்குப் போயிருப்பாங்க. அமைதியான மாசங்கள்லதான் டிராஃப்ட் எழுதணும், எம்.எல்.ஏ., அமைச்சரோட ஆபீஸ்ல யாரு ஃபைல் பாக்குறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும், ரெண்டு பத்திரிகையாளர்கிட்ட ஸ்ப்ரெட்ஷீட்டைக் காட்டி வெச்சிருக்கணும். ஒரு குதிரை விழுந்த அன்னைக்கு சாயந்தரம் நீங்க அழுதுட்டு இருப்பீங்க, அழுங்க, ஆனா டிராஃப்ட் ஏற்கனவே மெயில்ல இருக்கணும்.

கூட்டத்துக்குக் கூப்பிட்டா எப்படிப் போறது

கூப்பிடுவாங்க, கொஞ்சம் சத்தம் கேட்டதும் கூப்பிடுவாங்க. மூணு பேருக்கு மேல போகாதீங்க, ஒருத்தர் பேசணும், ஒருத்தர் எழுதணும். ரெண்டு பக்கத்துக்கு மேல எதையும் கொண்டு போகாதீங்க. கடைசில "எங்க ஒரு வரி விதியை அடுத்த போர்டு மீட்டிங் அஜெண்டால வெப்பீங்களா, எந்தத் தேதி?"ன்னு கேட்டுட்டுதான் எந்திரிக்கணும். அன்னைக்கு ராத்திரியே என்ன பேசினோம், யாரு என்ன ஒத்துக்கிட்டாங்கன்னு மெயில் போட்டுருங்க, மறுக்கலன்னா அது ரெக்கார்டு ஆயிடும். உங்கள்ல ஒருத்தரை "ஆலோசனைக் குழு"ல போடுறோம்னு சொல்வாங்க. அந்தக் குழுவுக்கு ஓட்டு உண்டா, மினிட்ஸ் வெளியாகுமா, விலகினா காரணத்தை வெளிய சொல்லலாமான்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வாயை மூடி வெக்கணும்னு ஒப்பந்தம் நீட்டினா கையெழுத்து போடாதீங்க.

அங்க கேக்கப் போற பதில்களும் கிட்டத்தட்ட தெரிஞ்சதுதான். "இந்த விளையாட்டு எங்களுக்குத்தான் தெரியும், வெளியாளுக்கு என்ன தெரியும்"னு சொல்வாங்க. விளையாட்டு தெரிஞ்சவங்க நிபுணரா கூட உக்காரட்டும், ஓட்டு பெரும்பான்மை மட்டும் காசு இல்லாதவங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்லுங்க. "நாங்க தனியார் க்ளப்"னு சொல்வாங்க, இது கொஞ்சம் கனமான வாதம், சட்டப்படி சில நாட்டுல உண்மையும் கூட. ஆனா பொதுமக்கள்கிட்ட பந்தயம் வாங்குறதுக்கு அரசாங்க லைசென்ஸ் வேணும், அந்த லைசென்ஸ்ல அரசாங்கம் நிபந்தனை போடலாம், அதனால க்ளப் கதவு மூடினா லைசென்ஸ் கொடுக்குற ஆபீஸ் கதவைத் தட்டுங்க. "வேலை போயிடும்"னு சொல்றப்போ மட்டும் பட்டுன்னு பதில் சொல்லிடாதீங்க, அந்த சைஸ் முகத்தை நினைச்சுக்கோங்க. அவர் வேலைக்குப் பாதுகாப்பு, தங்க இடம், புகார் சொன்னா பழிவாங்காம இருக்க விதின்னு உங்க கோரிக்கைல ஏற்கனவே இருந்தா நீங்க நிமிர்ந்து பதில் சொல்லலாம், இல்லன்னா அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதுதான்.

விதி வந்த பிறகு

ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல பந்தயக் குதிரைங்களை அறுக்க அனுப்பக் கூடாதுன்னு விதி ஏற்கனவே இருந்துச்சு. 2019 அக்டோபர்ல ஏபிசி டிவி காட்டினப்போ, பந்தயக் குதிரைங்க கூட்டங்கூட்டமா அறுப்புக்கூடத்துக்குப் போயிட்டுதான் இருந்துச்சு. விதியில தடை இருந்துச்சு, ஒரு குதிரை ரிட்டையர் ஆனதும் அது எங்க போகுதுன்னு விடாம பின்தொடர்ந்து பாக்குற ஆள் இல்ல. அதனால ஒவ்வொரு விதிக்கும் பின்னாடி "இதை யாரு சரிபாப்பாங்க, எவ்ளோ நாளைக்கு ஒரு தடவை, முடிவு எங்க வெளியாகும்"னு மூணு கேள்வியைச் சேத்தே கேளுங்க. பிறந்ததுலேருந்து கடைசி வரைக்கும் ஒரு குதிரையோட கைமாற்றம் எல்லாம் பதிவாகணும், விக்கிறவர் பதியலன்னா அடுத்த குதிரைக்கு லைசென்ஸ் கிடையாதுன்னு இருக்கணும்.

கோர்ட்டுக்கும் போவாங்க. ஹைசா சட்டம் அரசியலமைப்புக்கு எதிரானதுன்னு அமெரிக்காவுல ஒரு மேல்முறையீட்டு கோர்ட் 2022 நவம்பர்ல சொல்லிடுச்சு, அடுத்த மாசமே அமெரிக்க நாடாளுமன்றம் அந்த அரசாங்கக் கமிஷனுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்து சில வரியைத் திருத்துச்சு, அதுக்கப்புறமும் வழக்கு ஓயல. பிரச்சாரம் பண்ணவங்க வீட்டுக்குப் போயிருந்தா அந்த ஒரு மாசத்துல அந்தத் திருத்தத்துக்கு ஆள் இருந்திருக்காது. அதனால ஜெயிச்சாலும் குழுவைக் கலைக்காதீங்க, ரெண்டு பேர் மட்டுமாவது ஸ்ப்ரெட்ஷீட்டைத் தொடர்ந்து நிரப்பட்டும்.

புது அமைப்பு வந்து அதோட முதல் விசாரணை அறிக்கை வெளியாகும்போது அதை வாங்கி முதல்ல கடைசிப் பக்கத்தைப் பாருங்க. யாரு உக்காந்தாங்க, யாரு ஒதுங்கிக்கிட்டாங்க, ஏன் ஒதுங்கினாங்கன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அப்புறம் குதிரை பேருக்கு எதிர்ல என்ன இருக்குன்னு பாருங்க. "முடிக்கவில்லை"ங்கிற இடத்துல எந்தக் கால், எந்த எலும்பு, கடைசியா எப்போ எந்த டாக்டர் பாத்தார், யாரு ஓடலாம்னு கையெழுத்து போட்டாங்கன்னு நாலு வரி இருந்தா, சார்ட் பேப்பர்ல ஒரு சிவப்பு கோட்டை அழிச்சுட்டு அடுத்த கோட்டுக்குப் போங்க.